பால் பெட்டியோடு வந்த கடிதங்கள்

மருத்துவமனை, ஆறாவது மாடி வார்டு,
கோலாலம்பூர்.
5 மே 2025

அண்ணிக்கு,

மாதவி எழுதுகிறேன். போனில் பேசலாம் என்றால் நீங்கள் மார்ச் மாதத்திலிருந்து என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறீர்கள். திறந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். பேசினால் நீங்கள் ஒன்று சொல்வீர்கள், நான் ஒன்று சொல்வேன், யாராவது ஒருவர் பாதியில் வைத்துவிடுவோம். எழுதினால் கடைசிவரை சொல்லி முடிக்கலாம்.

வெள்ளிக்கிழமை குடல்வால் வெடித்துவிட்டது. உள்ளே சீழ் பரவியிருந்ததால் ஒரு வாரத்துக்கு மேல் இங்கேதான் என்கிறார்கள். மயக்கம் தெளிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, பிள்ளை எங்கே. உங்கள் தம்பி குரு என் கண்ணைப் பார்க்காமலேயே, "அக்காகிட்ட விட்டுட்டேன் மா" என்றார். வயிற்றில் தையல் மட்டும் இல்லாதிருந்தால் எழுந்து ஓர் அறை விட்டிருப்பேன். அப்புறம் படுத்துக்கொண்டே யோசித்தேன். என் அம்மா உயிரோடு இல்லை. வார்டுக்குள் கைக்குழந்தையை விடமாட்டார்கள். வேறு யாரிடம்தான் விடுவார், பாவம்.

நான் பாலைக் கறந்து பையில் அடைத்து ஐஸ் பெட்டியில் கொடுத்து அனுப்புகிறேன். கொடுக்கிற மருந்து எதுவும் பிள்ளைக்கு ஆகாதது இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். குரு துறைமுகத்துக்கு லோரி எடுக்கப் போகிற வழியில் உங்கள் வீட்டில் இறக்கி வைப்பார். தயவுசெய்து தர்வினுக்கு அதைத்தான் கொடுங்கள். அது தீர்ந்தால் மட்டும் டின் பால்.

அடுத்த வாரம் பதினைந்தாம் தேதி அவனுக்கு இரண்டாவது ரோட்டா தடுப்புச் சொட்டு. முதல் சொட்டு அன்று நடந்ததை நான் மறக்கவில்லை. குடும்பக் குரூப்பில் எவரோ அனுப்பியதைப் படித்துவிட்டு, "தாய்ப்பால் சொட்டு மருந்தை அடிச்சிடும்" என்று காலையிலேயே பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு போனீர்கள். அவன் அடுக்குமாடி நடைபாதையில் கதறுகிறான், கதவுக்கு இந்தப் பக்கம் என் ரவிக்கை நனைந்து வழிகிறது. என்னிடம் கேட்காமல் பாட்டிலில் டின் பாலைக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவன் என்னிடம் வாயே வைக்கவில்லை. எவ்வளவு பாடுபட்டு அவனைத் திருப்பினேன் என்று உங்களுக்குத் தெரியாது.

பதினைந்தாம் தேதி என்ன செய்வீர்களோ என்று நினைத்தாலே தையல் இழுக்கிறது.

மாதவி


பண்டமாரான்,
6 மே

மாதவிக்கு,

கடிதம் கிடைத்தது. பாலும் கிடைத்தது. ஓர் ஆளுக்கு வயிற்றை அறுத்துப் போட்டிருக்கிறார்கள், அவள் உட்கார்ந்து எனக்குக் குற்றப்பத்திரிகை எழுதுகிறாள். நல்ல வாய்தான் உனக்கு. சீக்கிரம் எழுந்துவிடுவாய், பயமில்லை.

முதலில் பிள்ளை. நன்றாக இருக்கிறான். முதல் நாள் மூலை மூலையாக உன்னைத் தேடினான். என் மார்பில் முட்டி முட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தான் பார், போலீஸ்காரன் மாதிரி. உன் பாலைச் சூடு காட்டிக் கொடுத்தேன். மணம் பட்டதும் கையைக் காலை ஆட்டிக்கொண்டு குடித்தான். கேன்டீனில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டேன். தெலுக் பங்லிமா காராங் பேக்டரிக்காரர்கள் வேறு யாரிடமாவது நாசி லெமாக் வாங்கித் தின்னட்டும்.

இப்போது உன் குற்றப்பத்திரிகைக்கு வருகிறேன். நான் டின் பால் கொடுத்தது உண்மை. உன்னிடம் கேட்கவில்லை, அதுவும் உண்மை. ஆனால் நீ அன்று சொன்னதை மட்டும் கடிதத்தில் விட்டுவிட்டாயே, சாமர்த்தியசாலி. நான் டாக்ஸி ஏறும்போது என் காதில் விழவேண்டும் என்றே சொன்னாய். "பிள்ளையை வளர்த்துப் பார்த்தாத்தானே தெரியும்" என்றாய்.

நான் வளர்த்தேன் மாதவி. எட்டு மாதம் வளர்த்தேன். தாமரை என்று பெயர் வைத்தோம். சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்துச் சிரித்தாள். வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை அவள் இல்லை. பெரிய டாக்டர்தான் அதற்கு ரோட்டா என்று ஒரு பெயர் சொன்னார். அந்தக் காலத்தில் அதற்குச் சொட்டு மருந்து வந்திருக்கவில்லை. இப்போது வந்திருக்கிறது. என் தம்பி பிள்ளைக்கு அந்த மருந்தில் ஒரு துளி வீணாகக்கூடாது என்று நான் நினைத்தேன். அது தப்பா? அந்தச் செய்தியை அனுப்பினவன் யாரோ எவனோ. ஆனால் பொய் என்று தெரியாதவரை நான் நம்பத்தானே செய்வேன்? பால் இன்னொரு நாள் கொடுக்கலாம். சொட்டு அவனுக்கு இரண்டே தடவைதான்.

தங்கம் மாதிரி பார்த்துக்கொள்கிறேன். அதில் மட்டும் சந்தேகப்படாதே.

தனலெட்சுமி

பி.கு: பூண்டு ரசமும் செனாங்கின் மீனும் அனுப்பியிருக்கிறேன். நர்ஸிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடு. கோபத்தில் திருப்பி அனுப்பிவிடாதே, மீன் நல்ல மீன்.


மருத்துவமனை,
9 மே

அண்ணி,

மீனைத் திருப்பி அனுப்பவில்லை. முள்ளை மட்டும்தான் விட்டேன். பக்கத்துப் படுக்கை ஆன்டி வாசத்துக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டார், அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தேன்.

தாமரையைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும். கல்யாணம் ஆன புதிதிலேயே குரு சொல்லியிருக்கிறார். தெரிந்தேதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்று பார்த்து அடித்தேன். மன்னித்துவிடுங்கள் என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது. நேரில் வந்தால் உங்கள் காலைப் பிடித்துச் சொல்கிறேன்.

நேற்று டாக்டர் நடாலியிடம் கேட்டேன். தினமும் காலையில் என் தையலைப் பார்க்க வருகிறவர், கிள்ளான் பெண்தான். நீங்கள் சொன்னது முட்டாள்தனம் என்று அவர் சொல்வார், அதை அப்படியே உங்களுக்கு எழுதலாம் என்று காத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"உங்க அண்ணி நினைச்சதுல விஷயம் இருக்கு" என்றார். தாய்ப்பாலில் அந்தக் கிருமியை எதிர்க்கிற சத்து இருக்கிறதாம். சொட்டு மருந்தில் இருப்பதும் அதே கிருமிதான், பலம் குறைத்து வைத்திருப்பார்களாம். அதனால் பால் அந்த மருந்தைக் கொஞ்சம் மழுங்கடிக்குமோ என்று பெரிய பெரிய டாக்டர்களுக்கே சந்தேகம் வந்திருக்கிறது. சந்தேகத்தோடு விடவில்லை. சில நாடுகளில் தாய்மார்களைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்களாம். ஒரு பாதியைச் சொட்டுக்கு முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் பால் கொடுக்காமல் இருக்கச் சொன்னார்கள், மறு பாதியைத் தாராளமாகக் கொடுக்கச் சொன்னார்கள். அப்புறம் பிள்ளைகளின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள்.

"என்ன ஆச்சு டாக்டர்?" என்றேன்.

"பட்டினி போட்ட பிள்ளைங்களுக்கு மருந்து ஒண்ணும் கூடுதலா பிடிக்கலை லா. அழுததுதான் மிச்சம். சொட்டுக்கு முன்ன கொடுங்க, பின்ன கொடுங்க, எப்ப வேணும்னாலும் கொடுங்க. மருந்து ஒரு பக்கம் காப்பாத்தும், பால் ஒரு பக்கம் காப்பாத்தும். தேதியை மட்டும் தள்ளிப் போடாதீங்க. வயசு ஏறிட்டா இந்தச் சொட்டு கொடுக்க முடியாது."

இதுதான் அண்ணி. அன்றைக்கு நான் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்து பிள்ளையை வாங்கியிருக்கலாம், மருந்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நீங்களும் ஏதோ பைத்தியக்காரத்தனமாகச் செய்யவில்லை. பதினைந்தாம் தேதி அவனைப் பசியோடு வைக்காதீர்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

மாதவி


பண்டமாரான்,
10 மே

மாதவி,

உன் டாக்டர் படித்த பெண், சரியாகத்தான் சொல்லியிருப்பாள். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் வீட்டுக்காரரையும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பழனியப்பன் ஐயா முழுவதும் படித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு, இதுல என்ன யோசனை?" என்றார். இவருக்கு எதில்தான் யோசனை வந்திருக்கிறது. போர்க்லிப்டில் ஏறினால் பெட்டியைத் தூக்குவார், இறங்கினால் தூங்குவார்.

எனக்குப் புரிகிறது மாதவி. மண்டைக்குப் புரிகிறது. வயிற்றுக்குத்தான் இன்னும் புரியவில்லை. இந்தப் பிளாக்கில் மூன்றாவது மாடியில் ஒரு பிள்ளைக்கு வாந்தி பேதி என்று கேள்விப்பட்டேன், அன்றிலிருந்து லிப்ட் பட்டனைக்கூட நான் வெறும் கையால் தொடுவதில்லை. உன் மகனுக்குத் துணி மாற்றி மாற்றி, சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி என் கைத்தோல் உரிந்துவிட்டது. அவன் கொஞ்சம் பால் கக்கினாலும் துணியை எடுத்து மோந்து பார்க்கிறேன். இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

நீ காலைப் பிடிக்கவெல்லாம் வேண்டாம். குனிந்தால் தையல் பிரிந்துவிடும், அப்புறம் அந்தப் பாவமும் என் தலையில்தான் விழும். நீ எழுதினதைப் படித்தேன். அத்தோடு போயிற்று.

ஆனால் பதினைந்தாம் தேதிக்கு என்னிடம் சத்தியம் கேட்காதே. இப்போது சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று காலையில் பயந்து வேறு மாதிரி செய்தேன் என்றால் உன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

அவன் இன்று குப்புற விழுந்தான். நீ பார்க்காமல் விழுந்துவிட்டானே என்று எனக்குக் கோபம், தூக்கித் திரும்ப மல்லாக்கப் போட்டுவிட்டேன். நீ வந்ததும் உன் முன்னால் முதல் தடவையாக விழுவான், சரியா?

தனலெட்சுமி


மருத்துவமனை,
13 மே

அண்ணி,

நீங்கள் அவனை மல்லாக்கப் போட்டதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். தையல் பிடித்துக்கொண்டது, நர்ஸ் வந்து திட்டினார். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

இன்று பெட்டியில் இரண்டே பைகள்தான் இருக்கும். மன்னியுங்கள். பால் குறைகிறது. இயந்திரத்தை வைத்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்தாலும் அடிப்பாகம் நனைகிற அளவுக்குத்தான் வருகிறது. போனில் அவன் படத்தைப் பார்த்துக்கொண்டே கறந்தால் வரும் என்றார்கள். பார்க்கிறேன், கண்ணில்தான் தண்ணீர் வருகிறது. காய்ச்சல் திரும்ப வந்ததால் திங்கட்கிழமைக்கு முன் விடமாட்டார்கள். அதற்குள் முழுவதும் வற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அவன் பாட்டிலுக்கே பழகிவிட்டால், நான் போய் நிற்கும்போது மார்ச் மாதம் போல முகத்தைத் திருப்பிக்கொண்டால், இந்த முறை அவனைத் திருப்ப என் உடம்பில் தெம்பு இருக்குமா தெரியவில்லை.

உங்களிடம் சத்தியம் கேட்கமாட்டேன். இங்கே படுத்துக்கொண்டு இதைத்தான் யோசித்தேன். என் பிள்ளை உங்களிடம் இருக்கும் இந்தப் பதினோரு நாளில் நான் அவனுக்காகப் பயந்ததைவிட நீங்கள் அதிகமாகப் பயந்திருக்கிறீர்கள். தோல் உரியக் கை கழுவுகிற ஆளிடம் நான் என்ன சத்தியம் கேட்பது? பிரசவத்துக்கு வந்து நாற்பது நாள் எனக்கு வெந்நீர் ஊற்றிவிட்டவர் நீங்கள். அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் சண்டை போட்டு அனுப்பினேன். இப்போது சொல்கிறேன். நன்றி அண்ணி.

பதினைந்தாம் தேதி உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்யுங்கள். நான் கேள்வி கேட்கமாட்டேன்.

மாதவி


பண்டமாரான்,
16 மே

மாதவி,

நேற்று உன் ஆஸ்பத்திரி லாபியில் நாம் ஒன்றும் பேசவில்லை. நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதனால் காலையில் நடந்ததை இப்போது எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை சிரிக்காதே, தையல்.

நீ அனுப்பின இரண்டு பையில் ஒன்றும் குறையாமல் பதினைந்தாம் தேதிக்கென்றே உறைய வைத்திருந்தேன். புதன்கிழமை முழுக்க டின் பாலைக் கொடுத்துச் சமாளித்தேன். நீ "உங்களுக்குச் சரி என்று படுவதைச் செய்யுங்கள்" என்று எழுதினாயே, அது என்னைப் போட்டு அரித்துவிட்டது. நீ திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். நம்பிவிட்டாய், நான் என்ன செய்வது? சரி, அந்த டாக்டர் பெண் சொன்னபடியே செய்வோம், கிளம்பும்முன் ஒரு பை, திரும்பி வந்து ஒரு பை என்று தீர்மானித்தேன். காலையில் இரண்டையும் கிண்ணத் தண்ணீரில் போட்டு இளக வைத்துவிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டப் போனேன்.

இவர் ராத்திரி வேலை முடிந்து வந்திருக்கிறார். வருகிற வழியில் பாசாரில் மீன் வாங்கியிருக்கிறார். நான் பத்து நாளாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே திரிகிறேன், இன்றைக்கு நாமே சமைத்து வைப்போம் என்று ஐயாவுக்கு ஞானம் பிறந்திருக்கிறது. கண்ணாடியும் போடவில்லை. கிண்ணத்தில் வெள்ளையாக இரண்டு பை மிதக்கிறது. நான் கறிக்குத் தேங்காய்ப்பாலை, அதுதான் பாசார் சந்தானை, அப்படித்தானே பையோடு போட்டு இளக வைப்பேன். பாவி மனுஷன் இரண்டையும் வெட்டி மீன் கறியில் ஊற்றிவிட்டார்!

நான் பிள்ளையைத் துடைத்துக்கொண்டு வருகிறேன். சட்டியைக் கிண்டிக்கொண்டே சொல்கிறார், "இந்தச் சந்தான் திக்காவே இல்ல லா தனம், கடைக்காரன் தண்ணி கலந்துட்டான் போல."

ஐயோடா மாதவி. நான் போட்ட சத்தத்தில் மூன்று வீட்டுக் கதவு திறந்தது. விஷயம் புரிந்ததும் மனுஷன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கோயிலில் தப்பு செய்தவர் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அறுபது வயதை நெருங்குகிறார், அழுதுவிட்டார். "அந்தப் பொண்ணு வயித்துத் தையலோட கறந்து கொடுத்ததாச்சே" என்றார். நான் அதற்குமேல் திட்டவில்லை.

பிள்ளை பசியில் கத்துகிறான். பத்து மணிக்குக் கிளினிக். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். தனலெட்சுமி, நீ நினைத்ததே நடந்துவிட்டது, தாய்ப்பால் இல்லாமல் சொட்டு இறங்கப்போகிறது, உன் பேரில் ஒரு குற்றமும் இல்லை என்று தோன்றியது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் இல்லையா? எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நீ அந்த இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பதுதான் கண்ணுக்குள் வந்தது. எனக்கும் ஒரு காலத்தில் பால் சுரந்து, குடிக்க ஆளில்லாமல் போயிருக்கிறது. அந்த வலி எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம்.

அழுகையை அடக்க அரைப் பாட்டில் டின் பாலைக் கொடுத்தேன். கிள்ளான் கிளினிக்கில் சொட்டு கொடுத்தார்கள். மருந்து இனிப்பு போல, கள்ளன் நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டான். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. அங்கிருந்த வயதான டாக்டரிடம், "இப்பவே தாய்ப்பால் கொடுக்கலாமா டாக்டர்?" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தாராளமா" என்றார்.

உன் டாக்டரும் தாராளமாக என்கிறாள், இவரும் தாராளமாக என்கிறார். சரி, எனக்கு மட்டும் என்ன கஞ்சத்தனம்! வீட்டுக்குத் திரும்பாமல் நேராகக் கிள்ளான் ஸ்டேஷனுக்குப் போய்க் கொமுட்டர் ஏறிவிட்டேன். ரயிலில் உட்கார்ந்துதான் உன் நம்பரைத் திறந்தேன். "கீழே லாபிக்கு வா" என்று மட்டும் அனுப்பினேன். வேறு ஏதாவது எழுதப்போனால் ஷா ஆலம் வருவதற்குள் அழுதிருப்பேன். எதிரில் ஒரு சீன ஆன்டி உட்கார்ந்து பிள்ளையையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மீதி உனக்குத் தெரியும். நீ சக்கர நாற்காலியில் வந்தாய். முகத்தில் இரத்தமே இல்லை. காவலாளி, "செகெஜாப் சாஜா, காக்" என்றான், கொஞ்ச நேரம்தானாம். நான் சால்வையை விரித்துப் பிடித்து முதுகைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளை முகத்தைத் திருப்பிவிடுவானோ என்று வாய்க்குள்ளேயே சாமியைக் கூப்பிட்டேன், உனக்குக் கேட்டிருக்காது. அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது, அவன் விழுங்குகிற சத்தம். நான் தூணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம்தான் என்று சொன்ன காவலாளிக்கும் என்ன தோன்றியதோ, அப்புறம் நம் பக்கம் வரவே இல்லை.

அந்த மீன் கறியைக் கொட்டிவிட்டோம். கொட்டும்போது இருவருக்கும் மனசே வரவில்லை.

தனலெட்சுமி


மருத்துவமனை,
18 மே

அண்ணி,

நீங்கள் சொன்னதையும் கேட்காமல் சிரித்துவிட்டேன். பக்கத்துப் படுக்கை ஆன்டிக்கும் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்து இருமி, நர்ஸ் ஓடி வந்தார். பழனியப்பன் அண்ணனிடம் சொல்லுங்கள், எனக்குக் கோபமே இல்லை. எனக்காக அழுதாரே, அதை நான் மறக்கமாட்டேன்.

இன்று பெட்டியில் ஐந்து பைகள் இருக்கின்றன. எண்ணிப் பாருங்கள். வியாழக்கிழமை அவன் குடித்துவிட்டுப் போனதிலிருந்து திரும்ப ஊற ஆரம்பித்துவிட்டது. நேற்று உங்கள் தம்பி வந்தபோது, என்ன மா முகம் தெளிவாக இருக்கிறதே என்றார். லாபியில் நடந்ததைச் சொன்னேன். மனுஷனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை! நாம் இருவரும் பேசிக்கொள்ளாமல் இருந்த இரண்டு மாதமும் வீடு ஜெயில் மாதிரி இருந்ததாம். அதையும் இப்போதுதான் சொல்கிறார்.

அன்று லாபியில் நான் ஏன் பேசவில்லை என்று எழுதிவிடுகிறேன். நீங்கள் சால்வையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றீர்களா, உங்கள் தோள் குலுங்கியது. உங்களுக்குக் கிடைக்காமல் போனதை என் பிள்ளை மூலமாக நான் உங்கள் முன்னாலேயே அனுபவித்துக்கொண்டிருந்தேன். அப்படியிருந்தும் அவனைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறி வந்து என் மடியில் போட்டீர்கள். நன்றி என்று சொன்னால் சின்னதாக இருக்கும் போலத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் வேறு வார்த்தை கிடைக்கவில்லை. நன்றி அண்ணி. என் உயிர் உள்ளவரை நன்றி.

நாளை விடுகிறார்கள். நேராகப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போகவில்லை. பண்டமாரானுக்குத்தான் வருகிறேன். எனக்கு ஒரு பாயைப் போட்டு வையுங்கள். ஜூலையில் பெட்டாலிங் ஜெயா ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும். பகலில் பிள்ளையை யாரிடம் விடுவது என்று உங்கள் தம்பி இப்போதே கவலைப்படுகிறார். நான் கவலைப்படவில்லை. ஆனால் நீங்கள் கேன்டீனை விட்டுவிட வேண்டியிருக்குமே. அதை நேரில் பேசுவோம்.

மாதவி


பண்டமாரான்,
21 ஆகஸ்டு

மாதவி,

வீட்டில் போன் இருக்கும்போது இன்னும் என்ன எழுத்து என்று இவர் கேட்கிறார். நீ ஆபீஸ் போகத் தொடங்கியதிலிருந்து தினமும் பிள்ளையோடு பால் பெட்டி வருகிறது, போகிறது. அது வெறுமனே போனால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. அதுவும் இல்லாமல், போன வாரம் நடந்ததில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அவன் முதல் வாந்தி எடுத்தபோது மணி ஒன்பது. அடுத்தது பேதி. எனக்கு அந்த நாற்றம் தெரியும் மாதவி. எத்தனை வருஷம் ஆனாலும் தெரியும். உனக்குப் போன் செய்தபோது நான் பேசினேனா கத்தினேனா என்று நினைவில்லை. இவர்தான் பிள்ளையை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். நீ ஆபீஸிலிருந்து கிளினிக்குக்கு வந்து சேர்ந்தபோது நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். மலத்தைச் சோதித்துவிட்டு, அதேதான், ரோட்டா என்றார் டாக்டர். எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் அப்புறம் சொன்னதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொட்டு குடித்த பிள்ளைக்கும் வரலாம், வந்தாலும் லேசாக வந்து போய்விடும், தாய்ப்பாலை மட்டும் நிறுத்தாதீர்கள், உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் கொடுங்கள், வாடிப் போனால் உடனே கொண்டு வாருங்கள் என்று சொன்னாராம்.

நீ இங்கேயே தங்கினாய். கேட்கிறபோதெல்லாம் கொடுத்தாய், கேட்காதபோதும் கொடுத்தாய். நான் அடுக்களையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிட்டே வரவில்லை. என் கை பட்டால் பிள்ளைக்கு ஆகாதோ என்று ஒரு பயம். உன்னிடம் சொன்னால் திட்டுவாய் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் நீ, "கொஞ்ச நேரம் பிடிங்க அண்ணி, கண்ணு சொருகுது" என்று அவனை என் மடியில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டாய். மறுக்கக்கூட எனக்கு நேரம் கொடுக்கவில்லை. வாந்தி நின்றிருந்தது. நெற்றி குளிர்ந்திருந்தது. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தாமரைக்கும் வாந்தி நின்றதே. நின்றதைப் பார்த்து நாங்கள் சாமிக்குச் சூடம் காட்டினோம். நர்ஸ்தான் அவள் துணியைத் தொட்டுப் பார்த்து முகம் மாறினாள். காலையிலிருந்து பிள்ளை ஒன்றுக்கே போகவில்லை, உடம்பில் தண்ணீரே இல்லை என்றாள். துணி சலவை செய்த மாதிரி காய்ந்திருந்தது.

அதனால் நான் உன் மகனின் பேம்பர்ஸை அவிழ்த்துவிட்டு, வெறும் துணியைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். அவன் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விசிறியைப் பார்த்தான். நான் துணியையே பார்த்தேன்.

அப்புறம் பெய்தான் மாதவி. கொஞ்ச நஞ்சமில்லை, துணி தாண்டி, என் கைலி தாண்டி, நாற்காலி வரைக்கும் பெய்தான். பெய்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நீ எழுந்து வந்து, "ஐயையோ, முழுக்க நனைஞ்சிட்டீங்களே, போய் மாத்துங்க" என்றாய். சரி, மாற்றுகிறேன் என்றேன். மாற்றவில்லை. மத்தியானம்வரை அந்த ஈரத்தோடேயே அவனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தனலெட்சுமி